பொன்னாடை போதுமா?

பாராட்டு விழாவுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பரிசு பெற்றார் என்று செய்தி வந்தால் போதும். பந்தல் எழும்பும், பதாகை தொங்கும், பொன்னாடை போர்த்தப்படும். 'பிறவி மேதை!' என்று பேச்சாளர் முழங்குவார். கையொலி எழும், கூட்டம் கலையும். மறுநாள் காலை, அந்த மண்டபத்தில் கைதட்டிய ஆயிரவரில் ஒருவரை நிறுத்தி, "ஐயா, அவர் கண்டது என்ன?" என்று கேளுங்கள். விழிப்பார், கைவிரிப்பார். "ஏதோ பெரிய ஆராய்ச்சி" என்பார். பெரியது என்பது தெரிந்திருக்கிறது; ஏன் பெரியது என்பது தெரியவில்லை! காரணம் அறியாது கைகூப்புவதற்குப் பக்தி என்று பெயர். பாராட்டு என்று பெயரில்லை. கல்லுக்குச் செய்துவந்ததைக் கற்றவருக்குச் செய்கிறோம், வேறுபாடு அவ்வளவே.

ஆராய்ச்சியாளரைப் போற்ற வேண்டாம் என்பதன்று நம் வாதம். போற்றத்தான் வேண்டும். திரையில் வீரம் காட்டுவோருக்கு ஊர்தோறும் மன்றம் அமைக்கும் நாட்டிலே, ஆய்வகத்தில் கண்விழித்தவருக்கு ஒரு தெருவின் பெயர்கூட இல்லை என்பது வெட்கத்துக்குரியது. ஆனால் எதைப் போற்றுகிறோம் என்று தெரிந்து போற்ற வேண்டும். போற்றிய பின் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறதே, அதையும் செய்ய வேண்டும். இவ்விரண்டும் இல்லாத விழா, உழைத்தவருக்கு ஒருநாள் மாலை. உழைப்புக்கு நிரந்தரப் பூட்டு.

'பிறவி மேதை' என்கிறார்களே, அச்சொல்லைச் சற்று உரைத்துப் பாருங்கள். 'கலைமகள் கடாட்சம்' என்கிறார்களே, அதையும் சேர்த்து உரைத்துப் பாருங்கள். மேலே புகழ், உள்ளே நஞ்சு. பிறவியிலேயே வந்த அறிவு என்றால் பள்ளி எதற்கு? நூலகம் எதற்கு? கடாட்சத்தால் வந்த கலை என்றால் ஆய்வகத்துக்குப் பணம் எதற்கு? மேதை பிறக்கும் வரை காத்திருக்கலாம்; கடவுள் கண் திறக்கும் வரை கைகட்டி நிற்கலாம் என்றுதானே முடிகிறது? இன்னாருக்குத்தான் அறிவு, இன்னாருக்கு இல்லை என்று எழுதிவைத்த பழைய ஏட்டின் வாதம், புதிய சட்டை போட்டுக்கொண்டு பட்டமளிப்பு மேடையில் நிற்கிறது. அதை அடையாளம் காணாது நாமும் கைதட்டுகிறோம்.

சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டாம். 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே செல்வோம். அங்கே பணியாற்றிய நால்வரின் வாழ்வைப் பார்ப்போம்.

முதலாமவர் ஜி. என். இராமச்சந்திரன். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைக்குத் தலைவரைத் தேடியது. துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் சர். சி. வி. இராமனை அணுகினார், இராமன் தம் மாணவரைக் காட்டினார். முப்பதே வயதான அந்த இளைஞரை நம்பி ஒரு துறையையே ஒப்படைத்தார் முதலியார். ஆராய்ச்சியின் முதல் படி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: வயதையும் வரிசையையும் பாராமல், வல்லவர் கையில் பொறுப்பைக் கொடுத்த ஒரு நிருவாகியின் துணிவு.

இராமச்சந்திரன் எடுத்துக்கொண்ட பொருள் எது தெரியுமா? தோல்! தோலிலும் தசைநாரிலும் எலும்பிலும் நிறைந்திருக்கும் கொலாஜன் என்னும் புரதம். அதன் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பது அன்று உலக ஆய்வகங்கள் பலவற்றுக்கும் விளங்காத புதிர். அடையாற்றிலே, 1948-இல் தொடங்கப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அண்டை வீடாக இருந்தது. அங்கிருந்து கங்காருவின் வால்நாரிலிருந்து எடுத்த மாதிரி கிடைத்தது. அதன்மீது ஊடுகதிரைச் செலுத்திப் படம் எடுத்தார்கள், பந்தும் குச்சியும் கோத்து மாதிரி கட்டினார்கள், கட்டியதைக் கலைத்தார்கள், மறுபடியும் கட்டினார்கள். 1954-இல் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டனர். தனித்தனியே சுருண்ட மூன்று சங்கிலிகள் ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன. அவை கயிறுபோல் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக் கிடக்கின்றன என்று அடுத்த ஆண்டே செப்பம் செய்தனர். மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் வருவதன் காரணமும் விளங்கிற்று: முறுக்கின் உட்புறத்தில் அதைவிடப் பெரியதற்கு இடமில்லை.

தோழர்களே, இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தோலைத் தொட்டவனைத் தொடாதே என்று விதித்த நாடு இது. செத்த மாட்டின் தோலை உரித்துப் பதப்படுத்தி, ஊருக்கெல்லாம் செருப்பும் ஏற்றத்துக்குப் பையும் தந்தவனை ஊருக்கு வெளியே நிறுத்திய நாடு இது. அந்தத் தோலுக்குள்ளேதான் உலகம் வியக்கும் அறிவு உறங்கிக் கிடந்தது. தீண்டாமை மனிதனை மட்டுமா தள்ளிவைத்தது? பொருளையும் தள்ளிவைத்தது, பொருளைத் தள்ளியதால் அதனுள் இருந்த அறிவையும் தள்ளிவைத்தது. முப்புரி தரித்தவன் உயர்ந்தவன் என்று சொல்லிவந்தது பழைமை. ஒவ்வொரு மனிதனின் தோலுக்குள்ளும் முப்புரி ஓடுகிறது என்று காட்டிற்று ஆராய்ச்சி! இது கண்டவரின் கொள்கையோ பிரசாரமோ அன்று. கதிர்ப்படம் காட்டிய உண்மை.

கதை அத்துடன் முடியவில்லை. 1955-இல் கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக், ரிச் என்னும் இருவர் மறுப்பு எழுதினர். சென்னையார் காட்டிய அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றனர். நம் வழக்கப்படி என்ன செய்திருக்க வேண்டும்? 'வெள்ளையன் பொறாமை' என்று கண்டனக் கூட்டம் கூட்டியிருக்க வேண்டும்! இராமச்சந்திரன் அது செய்யவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று கேட்டார். அதுவரை உலகில் வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் திரட்டி, மாணவர்களோடு அமர்ந்து அளந்து கணக்கிட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு திருகுகோணங்கள் உண்டு. அவற்றில் எவை இயலும், எவை இயலா என்று ஒரே தாளில் வரைந்து காட்டினார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்னும் இருவருடன் 1963-இல் அவர் வெளியிட்ட அதுவே 'இராமச்சந்திரன் வரைபடம்'. இன்று உலகின் எம்மூலையில் ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும், அது சரிதானா என்று இந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

மூன்று சங்கிலி என்னும் அடிப்படை சென்னை கண்டது, அது நிலைத்தது. சங்கிலிகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் எத்தனை என்ற வழக்கிலோ, பின்வந்த ஆய்வுகள் எதிர்த்தரப்பின் பக்கமே சாய்ந்தன. இதைச் சொன்னால் அவர் புகழ் குறையுமா? குறையாது. மறுப்பு வந்தது, மறுப்பிலிருந்து அதனினும் பெரிய உண்மை பிறந்தது. சாத்திரத்துக்கு மறுப்பு வந்தால் மறுத்தவனைக் கழுவேற்றுவார்கள். ஆராய்ச்சிக்கு மறுப்பு வந்தால் அளவுகோலை எடுப்பார்கள். இந்த வேறுபாட்டைத்தான் நாம் விழா எடுத்துக் கொண்டாட வேண்டும்.

"கண்டவர் எக்குலம்?" என்று கேட்கும் நாவும் நம்மிடையே உண்டு. கண்டது மெய்யா என்று கேட்பவனே பகுத்தறிவாளன்; குலம் கேட்டு மாலை போடுபவனும் குலம் கேட்டு மாலை மறுப்பவனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதே மூச்சில் இன்னொன்றையும் கேட்போம்: குலத்தின் பெயரால் கதவு அடைக்கப்பட்டதால், காணவேண்டியதைக் காணாமலே மாண்டவர் எத்தனை பேர்? வாய்ப்புப் பெற்றவரின் வெற்றியைக் காட்டி, வாய்ப்பு மறுக்கப்பட்டவருக்குத் 'தகுதி இல்லை' என்று தீர்ப்பெழுதுவது அறிவுத்துறையில் நடக்கும் அடாவடி.

இரண்டாமவர் நம் பாசறையில் பலருக்கு உவப்பில்லாதவர்: ச. வையாபுரிப் பிள்ளை. தொல்காப்பியத்துக்கும் திருக்குறளுக்கும் அவர் குறித்த காலம் நமக்குக் கசந்தது, இன்றும் கசக்கிறது. ஆனால் தமிழ்ப் பேரகராதியைக் கையில் எடுத்துப் பாருங்கள். 1913-இல் தொடங்கிய பணி அது. வழக்கறிஞராக இருந்த வையாபுரியார் 1926-இல் பதிப்பாசிரியர் பொறுப்பேற்றார். ஆறு தொகுதிகள் 1936-இல் நிறைவுற்றன. பின்னிணைப்பு 1939-இல் வந்தது. இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள்! ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், ஆட்சி, மேற்கோள். அந்த அகராதியிலும் குறை உண்டு. வடசொல் மூலம் காட்டியதில் வழக்கு உண்டு. பாவாணர் போன்றோர் அவ்வழக்கைத் தொடுத்ததும் உண்டு. ஆனால் வழக்குத் தொடுத்தவரும் அந்த அகராதியைப் புரட்டித்தான் தொடுத்தார். எதிரியின் கையிலும் கருவியாகப் பயன்படும் நூலை ஆக்கியவன் அறிஞனல்லாமல் வேறு யார்?

அவர் முடிபை மறுக்க வேண்டுமா? மறுப்போம், கல்வெட்டைக் காட்டி மறுப்போம், அகழாய்வைக் காட்டி மறுப்போம், சொல்லாட்சியைக் காட்டி மறுப்போம். 'தமிழ்ப் பகைவர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது மறுப்பாகாது, அது சோம்பல். நமக்கு இனிக்கும் முடிபைச் சொன்னவரையே பாராட்டுவோம் என்றால், நமக்கும் பஞ்சாங்கம் பார்ப்பவனுக்கும் என்ன வேறுபாடு? அவனும் தனக்கு இனிய பலன் சொன்னவனுக்குத்தானே தட்சிணை தருகிறான்!

மூன்றாமவர் மு. வரதராசனார். வட்ட அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தவர்; தாமே தமிழ் பயின்று 1935-இல் வித்துவான் தேர்வில் முதன்மை பெற்றவர்; பச்சையப்பன் கல்லூரியில் பேராசிரியர்; 1961 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவர்; 1971 முதல் 1974-இல் மறையும் வரை மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முதல் டாக்டர் பட்டம் பெற்றவரும் அவரே. கணக்குப் பாருங்கள்: 1857-இல் பிறந்த பல்கலைக்கழகம், தான் நிற்கும் மண்ணின் மொழிக்கு முதல் ஆய்வுப் பட்டம் தரத் தொண்ணூற்றொரு ஆண்டு எடுத்துக்கொண்டது! இதையும் விழாவில் சொல்ல வேண்டாமா?

மு.வ. சங்க இலக்கியத்தில் இயற்கையை ஆராய்ந்தார், மொழிநூல் எழுதினார். அதே கை நாவலும் எழுதிற்று. பேராசிரியர் நாவல் எழுதலாமா என்று புருவம் நெரித்தோர் உண்டு. புலமை என்றால் உரைகாரர் நடையில் பேசுவது, கதை என்றால் வேலையற்றவர் வேலை என்று எண்ணிய காலம் அது. அவர் எழுதிய 'அகல் விளக்கு' 1961-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. பரிசைவிடப் பெரியது வேறொன்று. அவருடைய திருக்குறள் தெளிவுரை சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு நூலாக, உரைகாரர் வாசலை எட்டிப் பார்த்திராத மக்களின் வீட்டுக்குள் நுழைந்தது. ஆய்வும் படைப்பும் இரண்டு சாதியல்ல. ஒரே உழைப்பாளியின் இரண்டு கைகள் என்று அவர் வாழ்ந்து காட்டினார். ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு, நாவலுக்கும் நாடகத்துக்கும் ஓவியத்துக்கும் இல்லை என்று கணக்கெழுதும் அதிகாரிகள் இதைக் கவனிப்பார்களாக.

நான்காமவர் ஒரு பெண்மணி: இ. கே. ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில், தாழ்த்தி எண்ணப்பட்ட தீயர் குலத்தில் பிறந்தார். சென்னையில் கற்றார், மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தார். கடல் கடந்து சென்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் அறிவியல் டாக்டர் பட்டம் பெற்றார். மணமே பெண்ணுக்கு முடிந்த முடிபு என்று ஊர் சொன்ன நாளில், மணம் வேண்டாம் என்று நுண்நோக்கியின் முன் அமர்ந்தார். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணினார். அந்தக் கரும்பின் கதையே ஒரு சீர்திருத்தப் பாடம். தடித்து இனிக்கும் கரும்புக்கு அறிஞர் இட்ட பெயர் 'உயர்குடிக் கரும்பு'. அந்த உயர்குடி வடநாட்டுக் குளிரிலும் நோயிலும் நிற்கவில்லை. ஆற்றங்கரையில் தானாக வளர்ந்த காட்டுக் கரும்போடு கோவையில் கலந்த பின்னரே நின்றது. நாட்டுக்குச் சர்க்கரை தந்தது. கலப்பு கேடு என்று தர்மசாத்திரம் ஓதியது. கலப்பே வலிமை என்று வயல் சொன்னது. அந்தக் கலப்பின் உள்ளமைப்பைக் குரோமோசோம் கொண்டு விளக்கியவர்களில் ஒருவர் இந்த அம்மையார்.

1945-இல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்டவணையை இங்கிலாந்தில் வெளியிட்டார். எழுபத்து மூன்று வயதில், 1970-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு வந்தார். மதுரவாயலில் இருந்த அதன் கள ஆய்வகத்தில் மூலிகைகளை வளர்த்தும் ஆய்ந்தும் வந்தார்; 1984-இல் அங்கேயே உயிர் நீத்தார். பெண் புத்தி பின்புத்தி என்று பழமொழி பேசுவோரே, உங்கள் முன்புத்தி எத்தனை குரோமோசோம்களை எண்ணிற்று?

நால்வரையும் ஒருசேர நோக்குங்கள். கடாட்சம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ஒருவருக்குத் துணிந்த துணைவேந்தர். ஒருவருக்கு இருபத்தாறு ஆண்டு பொறுத்த பல்கலைக்கழகம். ஒருவருக்குத் தேர்வு எழுதத் திறந்த கதவு. ஒருவருக்கு முதுமையிலும் கொடுக்கப்பட்ட ஒரு துண்டு நிலம். காலம், கருவி, கவலையற்ற வாழ்வு. அவர்கள் உழைப்போடு இம்மூன்றும் சேர்ந்தபோது அறிவு விளைந்தது. இவற்றைக் கொடுப்பதே பாராட்டு. மற்றவை சடங்கு.

அச்சடங்குக்கு நடுவில் இன்று நடப்பது என்ன? 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பின், முதலியார் இருபத்தேழு ஆண்டு அமர்ந்திருந்த அதே நாற்காலி நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தது. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையே வழக்கு, அறிவுக்கு நட்டம். 2024-இல் வரிப் பாக்கியைக் காட்டி, அப்பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கிற்று வருமான வரித்துறை. இராமச்சந்திரன் வரைபடம் பிறந்த இடத்தின் பணப்பெட்டிக்குப் பூட்டு! முதலியார் 1969-இல் விலகிய சிறிது காலத்திலேயே இராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்றார் என்பது வரலாறு. காக்கும் கை அகன்றால் கற்றவர் அகல்வர் என்று அது அன்றே எச்சரித்தது, நாம் கேட்கவில்லை.

'கௌரவ விரிவுரையாளர்' என்று ஒரு பதவி இருக்கிறது, அறிவீர்கள். நிரந்தரம் இல்லை, பதவி உயர்வு இல்லை, மாதந்தோறும் ஒரு தொகுப்பூதியம். பெயரில் கௌரவம், பிழைப்பில் கண்ணீர்! டாக்டர் பட்டம் பெற்ற இளைஞன், அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று அறியாமல் நாலு வகுப்புக்கு ஓடுகிறான். அவனிடம் போய், "எட்டு ஆண்டு உழைத்து ஒரு வரைபடம் வரை" என்று எப்படிச் சொல்வது? 1955-இல் எழுந்த கேள்விக்கு 1963-இல் விடை வந்தது. இன்றாக இருந்தால், நடுவில் எத்தனை கட்டுரை என்று எண்ணி, குறைந்தால் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியிருப்பார்கள். 2016 முதல் நடுவணரசு ஆண்டுதோறும் கல்வி நிறுவனங்களுக்குத் தரவரிசை வெளியிடுகிறது, அந்த வரிசையில் ஒரு படி ஏறுவதற்காகக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள், எடை போடுவாரில்லை. முட்டையை எண்ணுகிறவர்கள், அதிலிருந்து குஞ்சு வந்ததா என்று கேட்பதில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில. ஆசிரியர் பணியிடங்களைக் காலியாக வைக்காதே. நிரப்பும்போது சமூகநீதியைக் காட்டி நிரப்பு. ஒருவரைப் பாராட்டினால், அவரோடு உழைத்த மாணவர் பெயரையும், மாதிரி கட்டிய தொழிலாளி பெயரையும் சேர்த்துச் சொல். ஆய்வுக்கு நிகராகப் படைப்பையும் மதி. ஆண்டுக்கொரு முறையேனும், ஒவ்வொரு துறையும் தான் கண்டதைத் தமிழில், தெருவில் நிற்பவனுக்கும் விளங்கும்படி எடுத்துரைக்கச் செய். மக்கள் வரிப்பணத்தில் விளைந்த அறிவு மக்கள் மொழியில் திரும்பி வரவேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் படிப்பகங்களில் தலைவர் படங்கள் இருக்கின்றன, இருக்கட்டும். அவற்றின் கீழே உள்ள மேசையில், நம் ஊர்ப் பேராசிரியர் எழுதிய ஒரு நூலாவது இருக்கிறதா? இருந்தால் படித்தோமா? படித்தால் ஐயம் எழுந்ததா? எழுந்த ஐயத்தை அவருக்கு எழுதினோமா? இந்த வாரமே ஒரு நூலை எடுங்கள், படியுங்கள், விளங்காததைக் கேளுங்கள், ஒப்பாததை மறுத்து எழுதுங்கள். மறுப்புக் கடிதம் ஒன்று மேசைக்கு வந்தால், மெய்யான ஆராய்ச்சியாளன் அதைக் கிழிக்கமாட்டான், அளவுகோலை எடுப்பான்.